மூணாம் நம்பர் சானல்

மச்சினன் பாவாடையை இந்த ஜென்மத்தில் இனி வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை என்று ராஜாங்கம் முடிவெடுத்தார். வெறும் வாய்ச்சவடால் இல்லை. கள்ளக்குறிச்சியில் தன் வீட்டு முன்னறையையே ரெக்கார்டிங் ஸ்டூடியோவாக ஆக்கிக்கொண்டவர் அவர். மச்சினனுக்குப் பதிலாக ஒரு டிரம் பிளகினை விலைக்கு வாங்கிப் போட்டுவிட்டு எடுத்த முடிவு அது.

பிளகின் என்றால் பெரிய சங்கதி ஒன்றுமில்லை. கம்ப்யூட்டருக்குள் குடியிருக்கிற மேளக்கோஷ்டி. தவில், உடுக்கை, பம்பை, சிலம்பு, தாளம் எல்லாம் உள்ளேயே இருக்கும். கீபோர்டில் ஒரு கட்டையைத் தொட்டால் பம்பை அடிக்கும், அடுத்ததைத் தொட்டால் உடுக்கை பேசும். சோறு கேட்காது. பாய் கேட்காது. "மாமா, அந்த ஃபேன கொஞ்சம் இந்தப் பக்கமா திருப்புங்க" என்று சொல்லவே சொல்லாது.

பாவாடை சொல்லுவான். பாவாடைராயன் சாமி பேரை வைத்த பிள்ளை, வடக்கனந்தல் சுற்றுவட்டாரத்தில் பம்பைக்கு அவனை விட்டால் ஆளில்லை. அதெல்லாம் சரி. போன ஆடியில் ஒரே ஒரு அம்மன் பாட்டுக்குப் பம்பை அடிக்க வந்தவன், புரட்டாசி பிறந்தும் கிளம்பவில்லை. முன்னறையில் படுத்தான், முன்னறையில் சாப்பிட்டான், பாட வந்தவர்களுக்கெல்லாம் சுருதி சொல்லிக்கொடுத்தான். ஒருநாள் இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ராஜாங்கம் பொறுக்கமாட்டாமல், "இனிமே பம்பைக்கு ஆளே வாணாம்ப்பா, எல்லாம் பொட்டிக்குள்ள வந்துட்டுது" என்றார். பாவாடை பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினான். வாசலில் நின்று, "மாமா தன் வாயால கூப்ட்டாதான் இனி இந்தப் படி ஏறுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். சோற்றில் கை வைத்த மச்சினனை எழுப்பிவிட்டது அந்தப் பக்கத்தில் சின்னக் குற்றமில்லை. அக்காள்காரி கூப்பிட்டால் அந்தக் கணக்கு தீராது, மாமன்தான் கூப்பிட வேண்டும்.

ராஜாங்கத்தின் மனைவி அம்சவள்ளி சண்டைக்காரி அல்ல. ஆடி நெருங்கியதும் ஒரே ஒரு முறை கேட்டாள்.

"தம்பிய கூப்புட்றீங்களா?"

"மாட்டேன்."

"சரிங்க."

அத்தோடு விட்டுவிட்டாள். கல்யாணமான எந்தப் புருஷனும் அந்தச் 'சரிங்க'வைக் கேட்டு ராத்திரி தூக்கத்தைத் தொலைத்திருப்பான். ராஜாங்கம் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு மத்தியானமே தூங்கினார்.

அந்த வருஷத்து ஆர்டர் பெரிசு. மலையடிவாரத்து ஊர் ஒன்றின் திருவிழாக் கமிட்டித் தலைவர் கந்தசாமி, அம்மன் பாட்டு மொத்தத்தையும் ராஜாங்கத்திடமே கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். ஆனால் முதல் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் மிச்சத்தைப் பேசுவார். கேட்பதற்கு அவர் தன் காதை நம்புகிறவர் இல்லை. கூடவே தைலம்மாளைக் கூட்டிவருவார். திருவிழாவில் பம்பைச் சத்தம் கேட்டதும் முதலில் சாமி வருவது தைலம்மாளுக்குத்தான். அவளுக்கு அருள் வந்தால் பாட்டு பாஸ். வராவிட்டால் சங்கராபுரம் ரோட்டில் வேறு ஸ்டூடியோ இருக்கிறது.

முதல் நாள் தைலம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். முடிந்ததும், "சக்கர கம்மியா ஒரு டீ குடும்மா" என்று அம்சவள்ளியிடம் கேட்டாள்.

கந்தசாமியின் முகம் விழுந்துவிட்டது. "தம்பி, பம்பை கேக்கவே இல்லியே. அத கொஞ்சம் ஜாஸ்தி பண்ணு."

ராஜாங்கம் மேளத்தின் சானலை ஏற்றினார். பம்பை ஏறியது. கூடவே தவில், சிலம்பு, தாளம் எல்லாமே கைகோத்துக்கொண்டு ஏறின. பாடின பெண்ணின் குரல் எங்கோ கூட்டத்தில் மிதிபட்டது.

"இப்ப பாட்டு காணோம்" என்றார் கந்தசாமி.

இறக்கினார். பம்பையும் போனது. ஏற்றினார், இறக்கினார். தைலம்மாள் டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்கி மத்தியானம் வரோம் தம்பி. அப்பவும் இப்பிடியே இருந்துச்சின்னா மனசுல வெச்சிக்காத" என்று சொல்லிவிட்டு கந்தசாமி வண்டியை எடுத்தார்.

ஆர்டர் போவதைவிட ராஜாங்கத்துக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. பம்பை சரியில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் பாவாடையைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. 'மச்சான், வாப்பா' என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்கு அந்த நாக்கை அறுத்துப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியது.

கோளாறு என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பிளகினுக்குள் இருந்த அத்தனை மேளமும் ஒரே சானல் வழியாக வெளியே வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் தனித்தனிச் சானலுக்குப் பிரித்துவிட்டால் பம்பையை மட்டும் ஏற்றலாம். பிளகினைத் திறந்தார். ஒவ்வொரு வாத்தியத்தின் பக்கத்திலும் ஒரு சின்னக் கட்டம், எல்லாவற்றிலும் ஒன்று என்று போட்டிருந்தது. தவிலை ஒன்றிலேயே விட்டார். உடுக்கைக்கு இரண்டு, பம்பைக்கு மூன்று, சிலம்புக்கு நான்கு, தாளத்துக்கு ஐந்து என்று மாற்றினார். கைவிரலைச் சொடுக்கிக்கொண்டு பாட்டை ஓடவிட்டார்.

தவில் மட்டும் அடித்தது. கல்யாணம் முடிந்து எல்லாரும் போன பிறகும் பந்தலில் நின்று அடித்துக்கொண்டிருக்கிற ஆள் மாதிரி அது தனியாகக் கிடந்து அடித்தது.

முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே அம்சவள்ளி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க, தவுலு மட்டும் கேக்குது?"

"மத்தத எல்லாம் பிரிச்சி உட்டுட்டேன்."

"எங்க உட்டீங்க?"

"ஆளுக்கு ஒரு சானலு."

"அந்தச் சானலுங்க எங்க கீது?"

ராஜாங்கம் மிக்ஸரைப் பார்த்தார். பாட்டுக்கு ஒரு சானல் இருந்தது, கோரஸுக்கு ஒன்று இருந்தது, நாதஸ்வரத்துக்கு இருந்தது. மேளத்துக்கு அதே பழைய ஒன்றுதான்.

"தனிக்குடித்தனம் போன்னு சொல்லிட்டீங்க" என்றாள் அம்சவள்ளி. "வூடு பாத்துக் குடுக்கலியே."

"அதத்தான் பண்ணிக்கினு கீறேன். நீ போயி கீரைய பாரு."

அவள் கீரையோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ராஜாங்கம் சாஃப்ட்வேரில் மேளத்தின் டிராக்கைப் பிடித்து, அதிலிருந்த மெனுவை எல்லாம் மேய்ந்து, கடைசியில் மிச்ச அவுட்புட்டுகளைத் திறந்துவிடுகிற இடத்தைக் கண்டுபிடித்தார். மிக்ஸரில் புதிதாக நான்கு சானல்கள் வரிசையாக முளைத்தன. பாட்டை ஓடவிட்டார். எல்லா மேளமும் கேட்டது. மூன்றாம் சானலை ஏற்றினார். பம்பை மட்டும் ஏறியது. மனிதர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றினார்.

"ஏங்க, இதுல ஒண்ண மட்டும் மூடிப்புட்டா மத்தது மூடாதா?" அம்சவள்ளி கேட்டாள்.

"மூடாது. பாரு, மூணுல மூடுறதுக்கு இந்த 'எம்' பட்டன அமுக்குறேன். பம்பை போச்சா? மத்தது கீதா?"

"அட ஆமா. அந்த எடத்துல வேற சத்தம் எதுனா வெக்கணும்னா?"

"கீழ ஒரு டிராக்க போட்டு எது வேணா வெக்கலாம். அதான் இதோட அழகே."

"போன்ல வர்றத கூடவா?"

"போன்ல வர்றது, பென்டிரைவ்ல வர்றது, எது வந்தாலும் இழுத்து உட்டா ஒக்காந்துக்கும்." ராஜாங்கம் இழுத்தும் விட்டுக் காட்டினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் தொழிலைப் பற்றி அவள் இவ்வளவு ஆசையாகக் கேட்டதே இல்லை. அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. கேட்காததையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்.

மறுநாள் விடிந்ததும் அம்சவள்ளி அவர் கையில் பூஜைப் பையைக் கொடுத்தாள். "திருநாவலூர் கோயிலுக்குப் போயி ஒரு அர்ச்சன பண்ணிகினு வந்துடுங்க. ஆர்டர் நல்லபடியா அமையட்டும்." தன் தொழிலுக்காக மனைவி சாமியை நினைத்ததில் ராஜாங்கத்துக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உளுந்தூர்பேட்டை பஸ் ஏறினார்.

திரும்பி வந்தபோது வாசலில் கந்தசாமியின் வண்டி நின்றது. தைலம்மாள் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில் டீகூடக் கொடுத்தாகிவிட்டது. ராஜாங்கம் நெற்றியில் விபூதியோடு நேராகப் போய், மிக்ஸரைக்கூடப் பார்க்காமல் பாட்டை ஓடவிட்டார்.

உடுக்கை தொடங்கியது, சிலம்பு சேர்ந்தது. பிறகு பம்பை இறங்கியது. முதல் அடியிலேயே சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடியது என்று ராஜாங்கம் பிற்பாடு பலபேரிடம் சொன்னார். ஆடினது ஃபேன் காற்றில். ஆனாலும் பம்பை என்னவோ பம்பையாகத்தான் இருந்தது. தோல் அதிர்ந்தது, குச்சி உரசியது, அடிக்கும் அடிக்கும் நடுவில் ஆள் மூச்சு விடுகிற இடமெல்லாம் தெரிந்தது. ஒரே நாளில் பிளகினுக்கு இப்படி உயிர் வந்துவிட்டதே, எல்லாம் தனித்தனியாகப் பிரித்துவிட்டதன் மகிமை என்று ராஜாங்கம் பூரித்தார். நடுவில் ஒரு இடத்தில் ஆடு ஒன்று கத்தியது.

"ஆடு கத்துதே தம்பி" என்றார் கந்தசாமி.

ராஜாங்கத்துக்கும் கேட்டது. ஆனால் கம்பெனிக்காரன் காரணமில்லாமல் வைப்பானா? "அது இயற்கையா இருக்கட்டும்னு அவனே வெச்சி குடுக்குறான் தலைவரே. வெலைக்கேத்த சாமான்."

"கெடா வெட்டுற கோயிலு. நல்ல சகுனம்தான்" என்று கந்தசாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அதற்குள் தைலம்மாளின் டீ டம்ளர் கீழே உருண்டது. கொண்டை அவிழ்ந்தது. அவள் உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அம்சவள்ளி ஓடிப்போய்க் கற்பூரம் ஏற்றினாள். கந்தசாமி கும்பிட்டபடி, "ஆத்தா, பாட்டு புடிச்சிருக்கா?" என்றார்.

"இந்த அடிதான்டா வேணும்" என்றாள் தைலம்மாள். "எல்லாப் பாட்டுக்கும் இந்த அடிதான் வேணும். செய்வியா?"

"செய்யுறேன் தாயே" என்று ராஜாங்கம் கற்பூரத்தின் மேல் கையடித்தார். விபூதி வாங்கிக்கொண்டார். சந்தோஷத்தில் கந்தசாமியைப் பார்த்து, "எல்லாமே மிஷினுதான் தலைவரே, இதுல மனுசன் கையே படல" என்றும் சொன்னார். கந்தசாமி வெற்றிலை பாக்கு வைத்து எல்லாப் பாட்டையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டுத் தைலம்மாளோடு கிளம்பினார்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் ராஜாங்கம் சூடோடு சூடாக அடுத்த பாட்டுக்குப் புதுசாக ஒரு ஃபைலைத் திறந்து உட்கார்ந்தார். பம்பைக் கட்டையைத் தட்டினார். டொப் என்றது. மறுபடி தட்டினார், டொப்பேதான். நேற்றைய பழைய பம்பை, மூச்சும் இல்லை, ஆடும் இல்லை. இருந்த குமிழை எல்லாம் திருகிப் பார்த்தார். பிளகினை மூடித் திறந்தார். கம்ப்யூட்டரையே ஒருதரம் அணைத்துப் போட்டார்.

"அம்சா, இதுல கைய கிய வெச்சியா?"

"அந்தப் பாட்டுல மூணாம் நம்பர மட்டும் மூடினேங்க" என்றாள் அம்சவள்ளி தரையில் சிந்திய டீயைத் துடைத்துக்கொண்டே. "நீங்க சொல்லிக்குடுத்தாப்ல கீழ ஒரு டிராக்க போட்டு, போன்ல வந்தத இழுத்து உட்டேன். பிரிச்சி வெக்காம இருந்தா பம்பைய மட்டும் மூடியிருக்க முடியுமா? நல்ல வேல, பிரிச்சி வெச்சீங்க."

"போன்ல யாரு அனுப்புனது?"

"தம்பிதான். வெள்ளிமலையில ஒரு கோயிலுக்கு அடிக்கப் போயிருந்தான். பாட்ட நேத்தே அனுப்பினேன். நின்னுகினு இருந்த ஜீப்புல கண்ணாடிய ஏத்திகினு, காதுல வயர மாட்டிகினு அடிச்சி அனுப்புனான். வெளிய ஆடு மேஞ்சிச்சாம்."

ராஜாங்கம் முதல் பாட்டைத் திறந்து பார்த்தார், மூன்றாம் சானல் மூடித்தான் கிடந்தது. அம்சவள்ளிமேல் கோபம் வந்தது. அதைவிட, ஆட்டுக்குத் தான் சொன்ன விளக்கத்தை நினைத்து வெட்கம் வந்தது. "சரி, மிச்சப் பாட்டுக்கும் அப்பிடியே அனுப்பச் சொல்லு."

"சொன்னேனே. அக்காவுக்காக ஒரு பாட்டு, அவ்ளோதான்னு சொல்லிட்டான். மிச்சத்துக்கு மாமா கூப்புடணுமாம்."

"அப்ப மிஷின் பம்பையே போதும்."

"போதும்ங்க" என்றாள் அம்சவள்ளி. "தைலம்மா கேட்டா நீங்களே சொல்லிக்குங்க. கற்பூரத்துல அடிச்ச கை உங்களுதுதான?"

கை அவருடையதுதான். உள்ளங்கையில் கரிகூட இன்னும் போகவில்லை. ராஜாங்கம் முன்னறைக்கும் வாசலுக்குமாக நடந்தார். தண்ணீர் குடித்தார். பக்கத்து ஊர்களில் பம்பைக்காரர் யார் யார் என்று வாய்விட்டு யோசித்தார். ஒருத்தர் பாவாடையின் சீடர், இன்னொருத்தர் அவனுக்குப் பெரியப்பா மகன். கடைசியில் அம்சவள்ளி நீட்டிய போனை வாங்கினார். அவள் ஏற்கெனவே நம்பரைப் போட்டு வைத்திருந்தாள்.

"பாவாடை" என்றார். "மச்சான். நல்லா கீறியாப்பா?"

"இருக்கேன் மாமா."

"அன்னிக்கி நான் சொன்னது தப்பு. சாப்புடறப்ப சொல்லியிருக்கக் கூடாது. பம்பைய எடுத்துகினு வூட்டுக்கு வாப்பா. எப்ப வர முடியும்?"

"கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குள்ளதான் மாமா காலைலேர்ந்து ஒக்காந்துகினு கீறேன்" என்றான் பாவாடை. "மூணு மணிக்கெல்லாம் மாமா கூப்புடுவாருன்னு அக்கா சொல்லிச்சி, இன்னா மாமா இவ்ளோ லேட்டு?"