வலப்பக்கமே போகும் விமானம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். நீ அனுப்பிய விமான சிமுலேட்டர்தான் சௌக்கியமில்லை.

பைலட் லைசென்ஸ் கைக்கு வந்ததும் முதல் ஆளாக என்னைப் பக்கத்தில் வைத்துப் பறக்கப்போவதாகச் சொன்னாய். சின்ன விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் காலடியிலும் பெடல் இருக்கும், தெரியாமல் மிதித்துவிடக் கூடாது, வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள் என்று அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்தையும் கைப்பிடிக் குச்சியையும் பெடல்களையும் அனுப்பினாய். காலமெல்லாம் டிரைவிங் ஸ்கூல் நடத்தியவனுக்குப் பெடல் பழக்கமா என்று எனக்குக் கொஞ்சம் ரோஷம்தான்.

வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகைக்கு ரட்டர் என்று பெயராம். வலது பெடலை மிதித்தால் மூக்கு வலப்பக்கம் திரும்பும், இடதை மிதித்தால் இடப்பக்கம். நம் வீட்டு ரட்டருக்கு வலப்பக்கத்தின் மேல் தனிப் பிரியம். ஓடுபாதையில் நூல் பிடித்த மாதிரி போய்க்கொண்டிருக்கும், எதிரே கட்டடமோ மரமோ தெரிந்ததுதான் தாமதம், வெடுக்கென்று வலப்பக்கம் திரும்பிப் புல்லில் இறங்கிவிடும். இதுவரை இரண்டு கொட்டகையும் ஒரு எண்ணெய் லாரியும் காலி. மேஜை சாய்ந்திருக்கிறதோ என்று அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தேன். பெடல் வழுக்குகிறதோ என்று குளியலறை ரப்பர் விரிப்பை எடுத்து அடியில் போட்டேன். அன்று உன் அம்மா குளியலறையில் வழுக்கப் பார்த்ததும் என் கணக்கில் ஏறியது. கடைசியில் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரவழைத்தேன். "சார், கையில பிடிக்கிற குச்சியை முறுக்கினாலும் ரட்டர் திரும்புற மாதிரி வச்சிருக்கு. ஒரு மாட்டுக்கு ரெண்டு பேர் கயிறு பிடிச்சா அது எங்க போகும்?" என்று குச்சியின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். பிறகு தானே உட்கார்ந்து, ஒரு கையில் காப்பியோடு, நேராக ஏறி நேராக இறங்கினார். "பெடல்ல ஒண்ணும் இல்ல சார்." அவர் செருப்பை மாட்டுவதற்குள் நான் புல்லில் இருந்தேன்.

பிறகு உன் அம்மா ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். திரையைப் பார்க்கவில்லை, மேஜைக்கு அடியில் பார்த்தாள்.

"மெஷினை விடுங்க. உங்க காலைப் பாருங்க. பயம் வந்தா வலது காலால பிரேக்கை மிதிக்கிறீங்க."

"இதுல ஏதுடி பிரேக்?"

"டிரைவிங் ஸ்கூல் கார்ல நீங்க உட்கார்ற பக்கம் ஒண்ணு வச்சிருந்தீங்களே, அது."

"நான் மிதிக்கவே இல்ல."

"அவளுக்குக் கார் சொல்லிக்கொடுத்தப்பவும் இதையேதான் சொன்னீங்க."

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். உன் அம்மா விமானத்தை ஓட்ட, நான் அவள் பக்கத்தில் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். விமானம் சமர்த்தாகப் போய் இறங்கியது. ஆகவே கவலையை விடு. அடுத்த மாதம் உன் பக்கத்திலும் அப்படியே உட்காருவேன். நீ ஓட்டுவதில் எனக்குத் துளியும் பயமில்லை. உன்னை நினைத்தால் மனசு நிறைந்துபோகிறது. போனில் எனக்கு இதெல்லாம் சொல்ல வராது என்பதால்தான் இந்தக் கடிதம்.

வானம் தெளிவாகவும் காற்று சாதுவாகவும் உனக்கு எப்போதும் அமையட்டும்.

உன் நன்மையையே நினைக்கும்,
அப்பா

பின்குறிப்பு: தபால் நிலைய வாசலில் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். காரை உன் அம்மாதான் ஓட்டிவந்தாள். நான் பக்கத்தில் சம்மணம் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன். திருப்பத்தில் ஒரு லாரி வந்தது. கால் எப்போது கீழே இறங்கியது என்று எனக்கே தெரியாது. மிதித்த மிதியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. "இதையும் எழுதுங்க" என்கிறாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடு. உன் பக்கத்தில் அம்மா உட்காரட்டும், நான் பின் சீட்டுக்குப் போகிறேன். நீ கார் ஓட்டியபோதெல்லாம் பாதி நான்தான் ஓட்டினேன். நீ மட்டுமே ஓட்டி நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும்.

பின் சீட்டில் காலடியில் ஒன்றும் இல்லையே?