வெந்நீர் வண்டி

"ஜானு! வண்டிக்குள்ள யார் வெந்நீர் கொட்டினது?"

முன் சீட்டுக்குக் கீழே வைத்த காய்கறிப் பையை எடுக்கக் குனிந்த பேராசிரியர் அனந்தராமன், கையை உதறிக்கொண்டு கத்தினார். பையிலிருந்த கத்தரிக்காய் பாதி வெந்திருந்தது.

"உங்க வண்டில நான் எதுக்கு வெந்நீர் கொட்டறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்று சமையலறையிலிருந்து மனைவியின் பதில் வந்தது.

கார் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. ஐம்பத்துநாலாம் வருஷத்துச் சீமைக் கார். கொடைக்கானலில் ஏதோ எஸ்டேட் பெயரில் இருந்ததைத் தரகர் கண்ணுச்சாமி, "குளுகுளுன்னு வளந்த வண்டி சார், மேலுல ஒரு கீறல் கிடையாது" என்று சொல்லி இவர் தலையில் கட்டியிருந்தார். ரசாயனப் பேராசிரியர் கீறல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாரே தவிர, மற்றதைப் பார்க்கவில்லை.

இன்று வியாழன் சாயங்காலம். நாளைக் காலை ஒன்பதே காலுக்குத் திருச்சியிலிருந்து ஹாலாஸ்யமும் அவர் மனைவியும் மகள் ஸ்யாமளாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு லீவு இல்லை. பெற்றவர்கள் சரி என்றால் சரி. ஸ்யாமளாவுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. இதற்கு முன் வந்த நாலு ஜாதகமும் நாலு காரணத்தால் தட்டிப்போயின. ஹாலாஸ்யமோ திண்டுக்கல்லில் காபி ஆறியிருந்தது என்று ஒரு பெண்ணையே வேண்டாமென்று எழுந்து வந்தவராம்.

"பேசாம ஒரு டாக்ஸி வச்சுக்கோங்கோ," என்றாள் ஜானு.

"என் காரிலேயே வந்து அழைத்துச் செல்கிறேன்னு கடுதாசி போட்டாச்சு. டாக்ஸில போய் நின்னா, புளுகன்னு நினைக்க மாட்டாரா?"

காரைப் பசுமலை முக்கில் விருமாண்டியின் பட்டறைக்கு ஓட்டிப் போனார். விருமாண்டி டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, சிரித்தபடி வெளியே வந்தான்.

"சார், இது ஹீட்டரு. மலையில குளிருக்குக் காலுக்குச் சூடு குடுக்குற பொட்டி. இஞ்சின் தண்ணி இதுக்குள்ள போய் வரும். பொட்டி ஓட்டையாப் போச்சு."

"மதுரைல எவனுக்கய்யா ஹீட்டர்?"

"அதான் நானும் கேக்குறேன். பங்குனி வெயில்ல ஹீட்டரு வச்சு ஓட்டுற ஒரே ஆளு நீங்கதான்."

"கழட்டி எறி."

"முகப்பு அம்புட்டையும் பிரிக்கணும். மூணு நாளாகும். ஹீட்டருக்குத் தண்ணி போற டேப்பு ஒண்ணு இருக்கு, அதை மூடிப் பாப்போம்."

விருமாண்டி திருகினான். இருபத்து நாலு வருஷமாக யாரும் தொடாத டேப், 'டக்' என்று அவன் கையோடு வந்துவிட்டது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது ஒழுகத் தொடங்கியது.

"என்னய்யா பண்ணின?"

"கோவிச்சுக்கிராதீக. ரேடியேட்டர்ல ரெண்டு ஸ்பூன் மஞ்சப்பொடியப் போடுங்க. ஓட்டையில போய் அடைச்சுக்கிரும். லாரிக்காரவுக எல்லாம் அதான் பண்ணுவாக."

இதோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கலாம். ஆனால் அனந்தராமன் படித்தவர். சின்ன ஓட்டைக்கு இரண்டு ஸ்பூன் என்றால், பத்து மடங்கு பெரிய ஓட்டைக்கு இருபது ஸ்பூன் என்று மனசுக்குள் சமன்பாடு போட்டார். வீட்டுக்கு வந்து, நல்ல காரியத்துக்கென்று ஜானு அரைத்து வைத்திருந்த பொடியை டப்பாவோடு கவிழ்த்தார்.

காலையில் விருமாண்டி வந்து ரேடியேட்டரைத் திறந்து பார்த்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"அம்புட்டையுமா போட்டீக? சார், ரேடியேட்டர்ல சாம்பாருல்ல வச்சிருக்கீக! ஓட்டை அடைபடலை, ரேடியேட்டர்தான் அடைச்சுப்போச்சு. இஞ்சின் கொதிக்கும்."

"மணி எட்டரை ஆச்சு. இப்ப என்ன பண்றது?"

"அடியில ஒரு ஏனத்தை வைங்க. மெதுவாப் போங்க. பாதி வழியில நிறுத்தி மட்டும் போட்டுறாதீக."

டேஷ்போர்டுக்கு அடியில் ஜானுவின் எவர்சில்வர் அடுக்கு ஏறியது. அதை மறைக்க மேலே ஒரு ஜரிகைத் துண்டு. எல்லாம் சேர்ந்து யாருடைய அஸ்தியையோ கொண்டுபோவது போலிருந்தது.

ஸ்டேஷனில் ஹாலாஸ்யம் காரைப் பார்த்ததும் நடையை நிறுத்தினார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முகம் சுண்டிவிட்டது. பழைய வண்டி என்று இளக்காரமா? அனந்தராமன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"ஏன்னா, இது..." என்று ஆரம்பித்தாள் ஹாலாஸ்யத்தின் மனைவி பாகீரதி.

"பேசாம ஏறு," என்று அவளைப் பின் சீட்டில் அடைத்துவிட்டு, ஹாலாஸ்யம் முன்னால் ஏறினார். ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். அடுக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் இப்படித்தான் உட்காருவார்கள் போலிருக்கிறது என்று அனந்தராமன் பெருமாளுக்கு நன்றி சொன்னார்.

நன்றி ரயில்வே கேட் வரைக்கும்தான் செல்லுபடியாயிற்று. கேட் மூடியிருந்தது. பத்தரைக்கு ராகுகாலம். இஞ்சின் உறுமியது, பானெட்டிலிருந்து ஆவி எழுந்தது, அடுக்கு நிரம்பி மஞ்சள் வெந்நீர் ஜரிகைத் துண்டோடு தரையெல்லாம் பரவியது. பெருங்காயம் மட்டும்தான் பாக்கி. ஹாலாஸ்யம் ஜன்னல் வழியே திருப்பரங்குன்றத்து மலையையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் நெற்றியில் வியர்வை ஆறாக ஓடியது.

'போச்சு. வாயைத் திறந்து திட்டக்கூடப் பிடிக்கவில்லை மனுஷனுக்கு. என் வெட்டிப் பெருமையால் என் பெண்ணின் வாழ்க்கையை நானே கெடுத்தேன்' என்று அனந்தராமன் உள்ளுக்குள் அழுதார்.

பத்து இருபத்தெட்டுக்கு வீடு வந்து சேர்ந்தார்கள். பதற்றத்தில் ஜானு காபிக்குச் சர்க்கரை போட மறந்துவிட்டாள். ஹாலாஸ்யம் ஒரே மடக்கில் குடித்து, "பேஷான காபி!" என்றார். ஸ்யாமளா வந்து நமஸ்காரம் பண்ணி நிமிர்வதற்குள், "எங்களுக்குப் பரிபூர்ண சம்மதம். சீர் செனத்தி ஒண்ணும் வேண்டாம். இந்த வைகாசியிலேயே முடிச்சுடலாம்," என்றார்.

அனந்தராமனுக்கு மனசு கேட்கவில்லை. இப்படிப்பட்ட உத்தமரை ஏமாற்றிச் சம்பந்தம் பண்ணுவதா?

"ஒரு நிமிஷம்," என்று எழுந்து கைகூப்பினார். "உங்ககிட்ட ஒண்ணை மறைச்சுட்டேன். அந்தக் கார் ஹீட்டர் ஓட்டை. வண்டியே ஒழுகறது. மஞ்சப்பொடி போட்டது நான்தான். பெருமைக்காக உங்களை அதுல ஏத்திண்டு வந்தேன். இதுக்காக என் பொண்ணை வேண்டாம்னுடாதேங்கோ."

ஹாலாஸ்யம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது இரண்டும் சிவந்துவிட்டன.

பாகீரதி பக்கென்று சிரித்துவிட்டாள்.

"நன்னா இருக்கு! அந்தக் கொடைக்கானல் எஸ்டேட்டுக்கு மானேஜரா இருந்ததே இவர்தான். ஒழுகறதைச் சொல்லாம அந்த வண்டியை வித்ததும் இவர்தான். விஷயம் தெரிஞ்சா நீங்க பொண்ணு தர மாட்டேளோன்னு ஸ்டேஷன்லேர்ந்து நடுங்கிண்டு வர்றார்!"