ஊதாத் துணிக்குள் ஓடிய பேருந்து

ஒறுத்தல் வாயில் தொடங்கிக் கண்ணில் முடிய வேண்டும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்தோறும் இதைச் சொல்லி வருகிறேன். பிரியாணி மணக்கும் திண்டுக்கல்லில் நாற்பது நாள் இறைச்சியை விடுவதே பெரும் தவம். ஆயினும் இந்த ஆண்டு நான் மேலும் ஒரு படி ஏறினேன். திருநீற்றுப் புதனன்று, நெற்றியில் பூசிய சாம்பல் உதிரும் முன்பே, மனைவி அமலராணியை அழைத்து அறிவித்தேன்.

"இன்னையிலருந்து உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் இந்த வீட்டுல திரைக்கும் நோன்பு."

"என் சீரியலுக்குமா?"

"எல்லாத்துக்கும்."

"சரிங்க. யாரு எம்புட்டு நாள் தாங்குறாகன்னு பாப்போம்."

தவக்காலத்தின் கடைசி வாரங்களில் கோவிலில் உள்ள புனிதர் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடுவது எங்கள் வழக்கம். நான் முதல் நாளே எங்கள் வீட்டு லேப்டாப்பை மூடினேன். அது மகள் ஷைனியுடையது. கணினியில் ஓவியம் படித்தவள், பெங்களூரில் வேலை கிடைத்ததும் இதை விட்டுச் சென்றாள். விளையாட்டுகளுக்கென்றே செய்த வலிய கருவி. எடையில் அம்மிக்குத் தம்பி. எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கும் அன்பியத்தில் நான்தான் சிந்தனை வழங்குவேன். அதை எழுதுவதற்கு மட்டும் துணியை விலக்கலாம் என்று ஒரு விதிவிலக்கும் வைத்துக்கொண்டேன்.

வாசகர்களே, மனிதன் நோன்புக்கு நான்கு சுவர் எழுப்புகிறான். தனக்கென்று ஒரு சன்னலும் வைத்துக்கொள்கிறான். என் சன்னல் வழியே ஒரு பேருந்து புகுந்தது.

ஒளிப்பானேன்? முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் நன்னெறி போதித்தவன் நான். ஆனால் எட்டு வயதில், வத்தலக்குண்டு பேருந்து நிலையத்தில், கொடைக்கானல் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் ஏறி அமர்ந்தேன். என் தந்தை காதைத் திருகி இறக்கினார். அந்தக் காது இன்னும் ஆறவில்லை. ஷைனி விட்டுச்சென்ற விளையாட்டுகளில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்று இருந்தது. அதில் மலை உண்டு, மழை உண்டு, கொண்டை ஊசி வளைவு உண்டு, தாமதத்திற்கு முணுமுணுக்கும் பயணிகளும் உண்டு. இரண்டு ஆண்டுகளாக அதுவே என் மாலை வேளை. நோன்பு தொடங்கியதும் அதன் ருசி இரட்டிப்பாயிற்று.

காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வேன். ஓசை ஒரு துளியும் வெளியே கசியாது. ஊருக்கெல்லாம் பூட்டுச் செய்து கொடுத்த ஊரில் பிறந்தவனுக்கு ஓர் இரகசியத்தைப் பூட்டத் தெரியாதா? வாசலில் நிழல் விழுந்தால், ஓடும் பேருந்தின் மேல் ஊதாத் துணியைப் போர்த்திவிட்டுச் செபமாலையைக் கையில் எடுப்பேன். துணிக்கடியில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் வாரத்தில், பதினோராவது வளைவில், விபத்து நேர்ந்தது. நிழல் விழுந்தது, மூடினேன், வெகுநேரம் செபித்தேன். திறந்து பார்த்தால், உள்ளிருந்த விசிறி அலறிற்று. திரை முழுவதும் கோடுகள். அவையும் ஊதா நிறம். பேருந்து அந்தரத்தில் நின்றது. அமலராணி உள்ளே வந்தாள்.

"ஏங்க, என்ன மிக்ஸி ஓடுற மாதிரி சத்தம்?"

"சிந்தனை எழுதிக்கிட்டிருக்கேன்."

"சிந்தனைக்கா இம்புட்டுச் சத்தம்?"

"ஆழமான சிந்தனை."

அவள் விசைப்பலகையின் மேல் உள்ளங்கையை வைத்து வெடுக்கென்று எடுத்தாள். "ஆத்தாடி! இந்தச் சூடு சுடுது. அப்படி என்னத்தத்தான் எழுதுறீக? நரகத்தப் பத்தியா?"

மறுநாள் நானே மருத்துவனானேன். காற்றுத் துளைகளை வர்ணம் பூசும் தூரிகையால் துடைத்தேன். மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். அடியில் காற்று நுழைய ஏதேனும் துளையுள்ள பீடம் வேண்டுமென்று தேடி, ஒன்றைக் கண்டுபிடித்தேன். இரண்டு வரி எழுதிப் பார்த்தால் கருவி சமர்த்தாக இருந்தது. பேருந்தை எடுத்தாலோ ஐந்தாவது நிமிடம் கோடு விழுந்தது. நல்லதற்கு ஒத்துழைத்து, ஆசைக்கு மட்டும் மறுக்கும் கருவியை அன்றுதான் கண்டேன்.

"ஏங்க, இட்லித் தட்டப் பாத்தீகளா?" என்று கேட்டபடியே வந்தவள், அதன்மேல் வீற்றிருந்த லேப்டாப்பைப் பார்த்தாள்.

"காத்தோட்டத்துக்கு வச்சிருக்கேன்."

"மாவு ஊத்த வேண்டியதுதான் பாக்கி. கெளம்புங்க, கடைக்குப் போவோம்."

"செத்த நேரம் ஆறவிட்டாச் சரியாயிரும் அமலா."

"வெள்ளிக்கிழம நம்ம வீட்டுல அன்பியம். எழுதி வச்ச சிந்தனை எல்லாம் அதுக்குள்ளதான இருக்கு?"

இருந்தது தலைப்பு மட்டும்: 'புலனடக்கம்'.

பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடியில் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவள் ஹாஃபிஸா, ஷைனியோடு படித்த பெண். கருவியின் அடிப்பாகத்தைத் திறந்தவள், விசிறியிலிருந்து இடுக்கியால் எதையோ இழுத்தாள். நீண்டுகொண்டே வந்தது.

"ஊதா ஊதாவா நூலு வருதே அங்கிள். ஓடும்போது மேல துணியப் போட்டு மூடுனீங்களா?"

"நோன்பும்மா அதுக்கு," என்றாள் அமலராணி.

"சூடு வெளிய போக வழியில்லாம, படத்தத் திரையில காட்டுற கிராபிக்ஸ் கார்டு கெட்டுப்போச்சு. அதான் கோடு கோடா வருது. நீங்க கேம் ஆடுவீங்களா அங்கிள்?"

இரு பெண்களும் என்னைப் பார்த்தார்கள்.

"நானா? இந்த வயசுலயா?"

"அப்பக் கவலையே இல்ல. எழுதுற வேலைக்கு உள்ளயே சின்னதா இன்னொண்ணு இருக்கு, அது போதும். கெட்டத அணைச்சு வச்சிருறேன். கேம் ஓடணும்னாத்தான் அத மாத்தணும். மாத்தணுமா?"

"ஒருவேள..." என்று தொடங்கினேன்.

"ஒருவேள என்னங்க?" என்றாள் அமலராணி.

"வேணாம்னு சொல்ல வந்தேன்."

ஹாஃபிஸா லேப்டாப்பைத் தன் கடைத் திரையோடு இணைத்து ஏதோ தேடினாள். "இதுல பஸ் ஓட்டுற கேம் ஒண்ணு கெடக்கே. இன்னைக்குக்கூட ஓட்டுனதாக் காட்டுது. உங்களுதா அங்கிள்?"

"அது யாருதுன்னே எனக்குத் தெரியாதும்மா."

சேவல் கூவும் முன் ஆண்டவரை மறுதலித்த சீடரைப் போல மூன்று முறை மறுத்தேன். இங்கே சேவல் கூவவில்லை. கீழே, பேருந்து நிலையத்திலிருந்து புறப்பட்ட வண்டி ஒன்று நீளமாக ஹாரன் அடித்தது. என் நெஞ்சு அழுதது.

"சூட்டுல தானா ஓடிருக்கும் தாயி," என்றாள் அமலராணி, முகத்தில் ஒரு சுருக்கமும் விழாமல். "இடத்த அடைக்கும். அழிச்சு விட்ரு."

என் கண்ணெதிரே மலையும் மழையும் அந்தப் பதினோராவது வளைவும் அழிந்தன. முணுமுணுக்கும் பயணிகளும் போனார்கள்.

வீடு திரும்பிய கருவி குளிர்ந்து கிடந்தது. அதில் செய்வதற்கு எழுத்தைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. வாழ்வில் முதல்முறையாக, ஒரு சிந்தனையை முழுமையாக எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை கூடத்தில் அமர்ந்தவர்களுக்கு அதை ஓர் உவமையாகச் சொன்னேன்.

"ஒருவன் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. விருந்தாளி வந்தார். அடுப்பை அணைக்க அவனுக்கு மனமில்லை, காட்டவும் துணிவில்லை. பட்டுத் துணியால் மூடினான். துணிக்கு மேலே பக்தி தெரிந்தது. துணிக்குக் கீழே வீடு வெந்தது. அன்பர்களே, ஆசையை அணைக்க முடிந்தால் அணையுங்கள். முடியாவிட்டால், உங்களை நேசிக்கும் ஒருவரிடமாவது திறந்து காட்டுங்கள். மூடி வைத்தது ஆறாது, வேகும்."

பக்கத்து வீட்டுச் செபாஸ்தியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாத்தியாரே, பட்டு அனுபவிச்ச மாதிரியே சொன்னீக."

எல்லோரும் விடைபெற்ற பின், அமலராணி தேநீர்க் குவளைகளை அடுக்கினாள். நான் அவளருகே சென்றேன். உபதேசித்தவன் முதலில் செய்ய வேண்டுமல்லவா? தொண்டையைச் செருமினேன்.

"அமலா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் மொதல்ல சொல்லிருறேன். உயிர்ப்புக்கு மறுநாள் கொடைக்கானல் போறோம். வத்தலக்குண்டுலருந்து நம்ம சித்தி மகன் டோனி ஓட்டுற பஸ்ஸு. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு உங்களுக்குன்னு அவன்கிட்டச் சொல்லி வச்சிட்டேன்."

எட்டு வயதுக் காது சட்டென்று குளிர்ந்தது. "எதுக்கு அமலா திடீர்னு?"

"சும்மாத்தான். ஒண்ணே ஒண்ணு," என்று குவளைகளோடு சமையலறைக்குத் திரும்பினாள். "வளைவுல ஹாரன அவன் அடிச்சுக்கிருவான். இங்க ஹெட்போன மாட்டிக்கிட்டு அடிச்ச மாதிரி நீங்க வாயால அடிச்சிராதீக."