மூன்றரை வீசைப் பிள்ளை

சைகோன்,
துன்முகி வருஷம் ஆவணி 12.

தேவகோட்டையில் சீரும் சிறப்புமாய் வாழும் என் மூத்த சகோதரி அன்னபூரணி ஆச்சி அவர்களுக்கு, கடல் கடந்து வட்டிக்கடைக் கிட்டங்கியில் மேலாளுக்கு அடுத்தாளாய்க் காலம் தள்ளும் தம்பி சொக்கநாதன் விழுந்து வணங்கி எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம், என் வயிறு அரைச் சுகம், மழை மட்டும் பூரண சுகமாய்ப் பெய்கிறது. அங்கே அத்தான், அப்பச்சி, ஆத்தாள் எல்லோரும் நலமா? என் சம்சாரம் தெய்வானை நலமா என்று நான் கேட்டதாக அவள் காதில் விழும்படி உரக்க வாசிக்கவும்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பிள்ளையார்பட்டியில் என் குழந்தை வள்ளியம்மைக்கு வெல்லத்தால் துலாபாரம் கொடுத்ததாகவும், எடை சரியாக மூன்றரை வீசை நின்றதாகவும் எழுதியிருந்தீர்கள். மூக்கு யாரைப்போல், நிறம் எப்படி என்று ஒரு வரி இல்லை. போகட்டும், எடையாவது கிடைத்ததே என்று இருந்தேன். ஆனால் ஆச்சி, மூன்றரை வீசை என்றால் கைக்கு எவ்வளவு கனக்கும்? அவள் பிறக்குமுன் கப்பலேறிய எனக்கு அது எப்படித் தெரியும்? இந்த ஊரில் வீசைக்கல்லே கிடையாது. துரைமாருக்குக் கிலோ, சந்தையில் கான் என்று வேறொன்று. காய் விற்கும் இவ்வூர் அன்னமியப் பெண்ணிடம் போய், பிள்ளையை ஏந்துவதுபோல் கையை வைத்துக் காட்டி, இந்த மாதிரி ஒன்று வேண்டும் என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்து ஒரு பரங்கிக்காயைத் தூக்கி என் கையில் வைத்தாள். அது பாந்தமாய்த்தான் இருந்தது. தோளில் சாய்த்துக் கிட்டங்கிவரை கொண்டுவந்து என் பெட்டிமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வருமுன் சமையற்காரர் அதை அரிந்து குழம்பு வைத்துவிட்டார். அன்று எல்லோரும் ருசித்துச் சாப்பிட்டார்கள். நான் மோர்ச்சோற்றோடு எழுந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்து, எங்கள் கிட்டங்கியில் மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி, காரைக்கால் அமீர் அலி விஷயத்தைக் கேட்டார். சொன்னேன். "அட, இதுக்கா செட்டியாரே இம்புட்டுக் கவலை? வெள்ளி இருக்கையில பரங்கிக்காய் எதுக்கு?" என்றார். ஆச்சி, இங்கே லாங் என்று ஓர் எடை உண்டு. பத்து லாங் வெள்ளியை ஒரு கட்டியாய் வார்த்து அதையே காசாகக் கொடுத்து வாங்குவார்கள். பியாஸ்தர் நாணயம் வந்த பிறகும் பக்கத்துச் சோலோன் ஊர் அரிசி வியாபாரிகள் சிலருக்கு அந்தக் கட்டிமேல்தான் நம்பிக்கை. அந்தக் காலத்தில் நம் பக்கம் கழஞ்சுக் கணக்கில் பொன்னை நிறுத்துக் கொடுத்து நிலம் வாங்கவில்லையா, அதுபோல. நம் ஊரில் பலம் என்கிற எடை அந்த லாங்கைவிடக் கொஞ்சம் குறைவு. அமீர் அலி விரல்விட்டு எண்ணி, "மூணரை வீசை நூத்து நாப்பது பலம். அப்ப உங்க மவ பதிமூணு கட்டி" என்றார்.

அன்று மத்தியானம் மேலாள் பழனியப்ப அண்ணன் துறைமுகத்துக்குப் போயிருந்தார். கடனுக்கு ஈடாக வந்த வெள்ளி பெட்டகத்தில் இருந்தது, சாவி என் இடுப்பில். பதிமூன்று கட்டியை எண்ணியெடுத்து என் துண்டில் சுற்றி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டேன். என்ன கனம் ஆச்சி! சில்லென்று இருந்தது, ஓரமெல்லாம் விலாவில் குத்தியது. ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் மெல்ல மெல்லச் சூடேறிற்று. ஆராரோ என்றுகூட வாய் முணுமுணுத்துவிட்டது. அப்படியே கொல்லைவாசல் பக்கம் திரும்பினால், எதிரே அண்ணன்!

"ஏன்டா சொக்கநாதா, வெள்ளியைக் கட்டிக்கிட்டு எங்க கெளம்பிட்ட?"

திடுக்கிட்டுத் திரும்பியதில் ஒரு கட்டி நழுவி அவர் கால் பெருவிரலில் விழுந்தது. அவர் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. திருடன் என்ற பேரோடு ஊருக்குப் போவதா, ஆற்றில் விழுவதா என்று தவித்தேன். மடியிலிருந்த தங்கள் கடிதத்தை நீட்டினேன்.

நொண்டிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். இரண்டாம் தரமும் வாசித்தார். பன்னிரண்டு வருஷத்தில் இரண்டே தடவை ஊருக்குப் போன மனிதர் அவர். கீழே கிடந்த கட்டியை எடுத்துத் துண்டுக்குள் செருகினார். அப்புறம் என் இடக்கையைப் பிடித்து வளைத்து, "தலை இங்க வரணும்டா, முழங்கை மடிப்புல. இப்படி மூட்டை மாதிரி தூக்குனா பிள்ளைக்குக் கழுத்து என்னத்துக்காகும்?" என்றார். துண்டின் நுனியை மெல்ல இழுத்துவிட்டார். "எம் மூத்தவன் எம்புட்டுக் கனம் இருந்தான்னு எனக்கு யாரும் எழுதலப்பா" என்றார். பிறகு எழுந்து, "சரி சரி, எண்ணி உள்ள வையி" என்று உறுமிவிட்டுப் போனார்.

ஆகையால் ஆச்சி, என் மூன்று வருஷ வேலைத் தவணை முடிய இன்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருக்கிறது. நான் வரும்போது அவள் ஓடி விளையாடுவாள், என்னைக் கண்டு யாரென்று கேட்பாள். அதுவரை மாதம் ஒரு தடவை அவளை நிறுத்து எழுதவும். நிறுத்தால் கண் படும் என்று ஆத்தாள் சொன்னால் ஒரு பூசணிக்காய் கூடுதலாய்ச் சுற்றிப் போடவும். பெரியவர்களுக்கு என் வணக்கம், அத்தானுக்கு மரியாதை, வள்ளியம்மைக்கு ஆயிரம் ஆசி. தெய்வானைக்குச் சொல்ல வேண்டியதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை, தாங்களே பார்த்துச் சொல்லவும்.

தங்கள் அன்புத் தம்பி,
சொக்கநாதன்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் போகையில் அண்ணன் வந்து, "இந்த வருஷக் கணக்கைத் தேவகோட்டைக்கு யாராச்சும் கொண்டு போகணும்ல? எனக்குத்தான் காலு வீங்கிக் கெடக்கே" என்று கப்பல் சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு என் முகத்தைப் பாராமலே போய்விட்டார். தபால்காரனை நம்பாமல் இதை நானே கொண்டுவருகிறேன். ஆச்சி, இதைத் தாங்கள் பிரிக்கும்போது நான் எதிரில்தான் நிற்பேன். கடிதத்தை அப்புறம் நிதானமாய் வாசிக்கலாம், முதலில் பிள்ளையைக் கொடுங்கள்.