வாடகைச் சாமியின் எலுமிச்சம்பழம்

மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி, மண் கொட்டி மேடாக்கிய இடத்தில் பன்னிரண்டு புது வீடுகள் எழுந்து நின்றன. ஒன்றில்கூட ஆள் இல்லை. வாசலில் மட்டும் ஞாயிறுதோறும் திருவிழாக் கூட்டம். பிரம்மதேசத்திலிருந்து ஷேர் ஆட்டோ, மீனவர் குப்பங்களிலிருந்து மினி வேன். எல்லாரும் வாடகைச் சாமியைப் பார்க்க வந்தவர்கள்.

பிள்ளை வரத்துக்குச் சாமி உண்டு, மழை வரத்துக்கும் உண்டு. குடித்தனக்காரர் வரத்துக்கு மட்டும் இல்லாமலிருந்தது. அந்தக் குறையும் தீர்ந்தது. நாடு முன்னேறுகிறது.

முறை எளிது. கூடத்தின் நடுவில் சாமி ஓர் எலுமிச்சம்பழத்தை வைப்பார். கண்ணை மூடி, "ஓம் வாடகாய நமஹ" என்பார். பழம் தானாக அசையும். உருளும். வாசலை நோக்கி ஓடும். குடித்தனக்காரரை அழைத்துவரப் போகிறதாம்! மெதுவாகப் போனால் மாதம் எட்டாயிரம். வேகமாகப் போனால் பதினைந்தாயிரம். ஒருநாள் வாசலில் படுத்திருந்த நாய்மேல் மோதியது. "வெளிநாட்டுக்காரர் வருவார்" என்று பலன் சொன்னார். நாய்க்கும் விபூதி கிடைத்தது.

வீடுகளைக் கட்டி விற்கும் ராஜ்கமல் பக்கத்தில் மைக்கோடு நின்றான்.

"பழைய வீடுன்னா ரிப்பேரு, ஒழுகலு. புது வீடுன்னா பத்து வருஷத்துக்குச் செலவே கெடையாதுங்க! வாடகை பேங்க்ல வந்து விழும். நீங்க கால நீட்டிப் படுங்க!"

கூட்டம் நின்றபடியே காலை நீட்டப் பார்த்தது.

அன்று ஏழாம் வீடு பிரம்மதேசம் கலியமூர்த்திக்கு. இருந்த ஒரே ஏக்கர் நஞ்சையை விற்க விலை பேசிவிட்டுத்தான் வந்திருந்தான். கூடவே மனைவி சூர்யகலா. பதினெட்டு வருஷமாக உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவள். பாத்தி ஒரு விரல் சாய்ந்தாலும் உப்பு ஒரே பக்கம் விளையும் என்று அவள் காலுக்கே தெரியும். வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவள் முகம் மாறியது.

"ஏங்க, எல்லா வீட்லயும் பழம் ஓடிச்சே, ஒரு வீட்லயாவது குடித்தனம் வந்துச்சா?"

"சும்மா இரு. சாமி காதுல விழப்போவுது."

பழம் ஓடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கலியமூர்த்தி கண்கலங்கி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். சூர்யகலா அவன் கையைப் பிடித்தாள்.

"சாமி, ஒரு டவுட்டு. குடித்தனக்காரரு வெளிய இருந்துதான உள்ள வரணும்? பழத்த வாசல்ல வெச்சு உள்ள கூப்பிடுங்க, பாக்கலாம்."

சாமி திடுக்கிட்டார். இப்படியொரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதேயில்லை. வேறு வழியில்லாமல் வாசலில் வைத்தார். மந்திரம் சொன்னார். பழம் படியிறங்கி வெளியே ஓடியது. மறுபடி எடுத்து வந்தார். மறுபடி ஓடியது. மூன்றாம் முறை மந்திரத்தைக் கத்தியே சொன்னார்.

"குடித்தனக்காரர் கொஞ்சம் கூச்ச சுபாவம்" என்றார் வியர்வையைத் துடைத்தபடி.

சூர்யகலா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கூடத்தின் நடுவில் ஊற்றினாள். மந்திரம் இல்லாமலே தண்ணீர் வாசலுக்குப் போனது. மீன் விற்கும் தெய்வநாயகி தன் டிபன் பாக்ஸை உருட்டிவிட்டாள். அதுவும் போனது. ஒருவர் வெங்காயம் வைத்தார். ஒருவர் ஹெல்மெட்டை மல்லாக்க வைத்தார். கூடத்தில் இருந்த உருளக்கூடிய பொருள்கள் எல்லாம் குடித்தனக்காரரைத் தேடிக் கிளம்பிவிட்டன.

"உப்பளத்துச் சேத்து மேல மண்ணக் கொட்டி, அது எறுகறதுக்குள்ள கட்டியிருக்காங்க. வாசப்பக்கம் எறங்குது" என்ற சூர்யகலா, வாசலுக்கு மேலிருந்த பூச்சரத்தை விலக்கினாள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

அந்த நேரம் பார்த்து சாமி நழுவப் பார்த்தார். தெய்வநாயகி வழிமறித்து உற்றுப் பார்த்தாள்.

"ஏம்பா, நீ டைல்ஸ் போடற சிலம்பரசன் இல்ல? எங்க வீட்டுக்கு நீதான போட்ட!"

சாமியின் சமாதி நிலை கலைந்தது. "ஆமாங்க்கா. இங்கயும் நான்தான் போட்டேன். போடும்போதே பென்சிலு வாசலுக்கு ஓடிச்சு. ஓனர்கிட்ட சொன்னேன். சாமி வேஷம் போட்டு இதையே யோகம்னு சொல்லிடுன்னுட்டாரு."

கூட்டம் ராஜ்கமலைச் சூழ்ந்தது. "புது வீடுன்னா கொஞ்சம் எறங்கித்தான் செட்டாவுங்க" என்றான்.

"அவ்ளோ வாடகை வர்ற வீட்ட நீ ஏம்பா விக்கிற?" என்றாள் சூர்யகலா.

ராஜ்கமல் மைக்கை ஆஃப் செய்தான். அட்வான்ஸ் கொடுத்தவர்கள் எல்லாம் அங்கேயே திரும்ப வாங்கிக்கொண்டுதான் அவனை விட்டார்கள்.

ஷேர் ஆட்டோவில் கலியமூர்த்தி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். "அப்போ வாடகைக்கு விட வீடு வாங்கறதே தப்பா?"

"யாரு சொன்னா? நல்ல எடத்துல புது வீடு நல்ல வருமானந்தான். மண்ணு எப்படி, குடிக்கத் தண்ணி இருக்குதா, அக்கம்பக்கத்துல என்ன வாடகை போவுதுன்னு விசாரி. பழத்தப் போயி விசாரிக்கிற!"

அவன் நிலத்தை விற்கவில்லை. அந்த மட்டும் பிழைத்தான். ஆனால் அடுத்த ஞாயிறும் நாலு பேர் அங்கே போய், பூசணிக்காய் வைத்தால் பலிக்குமா என்று கேட்டார்களாம்!

அன்பர்களே, வீட்டைத் தாராளமாக வாடகைக்கு விடுங்கள். மூளையை மட்டும் விட்டுவிடாதீர்கள். அதில் குடிவருகிறவன் அட்வான்ஸும் தரமாட்டான், காலியும் செய்யமாட்டான்.