ஸ்நேகாவின் மறுபாதிப் பட்டம்

கும்மிடிப்பூண்டி,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் அன்புராஜ் அவர்களுக்கு, தங்கள் தங்கை பிரின்சியின் கணவன் மோகன்ராஜ் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடும் ஓரளவு புத்தியோடும் இருக்கிறோம். திருநின்றவூரில் தாங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்றும், தங்கள் முழங்கால் வலி போன மாதத்தைவிட ஒரு படியாவது இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறோம்.

போன் இருக்கும்போது இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள் மச்சான், நான் ‘சரி மச்சான்’ என்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து அப்படித்தான். இந்த விஷயத்தில் நானும் நாலு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் இரும்பு மில்லில் கூட வேலை செய்யும் பென்னி நாளை மாமியார் வீட்டுக்குத் திருநின்றவூர் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

விஷயம் ஸ்நேகாவின் படிப்பு. பிளஸ் டூ முடிந்ததும் அவள் ஒரு நாள் வந்து, ஒரே கல்லூரியில் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கப் போகிறேன் என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவைக்கு ஒரு புடவை இலவசம் தருகிறான், இங்கே ஒரு பட்டத்துக்கு ஒரு பட்டம். அன்றைக்கே மில்லில் எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டேன். கிரேன் கேபினில் உட்கார்ந்து கீழே பார்த்தால், இரும்புக் கம்பிக் கட்டுகள்கூட அன்றைக்கு ஜோடி ஜோடியாகத் தெரிந்தன. லட்டைத் தின்று முடித்த பென்னிதான் கேட்டான்: “எந்த ரெண்டு பட்டம்ணா?” நான் கேட்க மறந்த கேள்வி அது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ஒரு பாதி கம்ப்யூட்டர் சயின்ஸ், மறுபாதி ஆர்ட்ஸ் என்றாள். ஆர்ட்ஸ் என்றால் படம் வரைவது என்று நினைத்துக்கொண்டு, “நீ மூணாங் கிளாஸ்ல யானை வரைஞ்சத பிரின்சி தண்ணிக் கொடம்னு சொன்னாளே, ஞாபகம் இருக்குதா?” என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினாள். வரலாறு, உளவியல், பொருளாதாரம், நாடகம், இப்படிப் பல உண்டாம். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கம்ப்யூட்டரோடு சேர்த்துப் படிக்க வேண்டுமாம். அப்போதுதான் உங்களுக்குப் போன் செய்தேன். நீங்கள் பொருளாதாரம் என்றீர்கள், பேங்க் பரீட்சை என்றீர்கள், நான் சரி மச்சான் என்றேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஸ்நேகா நிற்கிறாள். “நான் நாடகம் எடுக்கப் போறேம்ப்பா” என்றாள்.

பிரின்சி கையிலிருந்த கரண்டியோடு வெளியே வந்து, “நாடகமா? அதுக்கு எதுக்குடி காலேஜ்? நம்ம ஊட்லயே தினமும் நடக்குதே” என்றாள். உங்கள் தங்கை உங்களைப் போலவே பேசுவாள், உங்களுக்குத் தெரியும்.

எதையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை நானும் ஸ்நேகாவும் அந்தக் கல்லூரிக்குப் புறப்பட்டோம். பெற்றோருக்கான நாள் என்று அழைத்திருந்தார்கள். இடம் பெரியபாளையம் தாண்டி. ஆடி மாத ஞாயிறு என்பது இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. பஸ் முழுக்கப் பவானி அம்மன் பக்தர்கள். எனக்கு முன்னால் ஒரு அம்மா பெரிய வேப்பிலைக் கட்டோடு நின்றிருந்தார், பஸ் பிரேக் போடும்போதெல்லாம் அந்தக் கட்டு என் முகத்துக்கு வரும். பின்னால் நின்றவர் நெற்றியில் இட்டிருந்த மஞ்சளும் குங்குமமும் என் வெள்ளைச் சட்டைக்கு இடம் மாறின. அவர் ரொம்ப நல்லவர். சட்டையைக் கெடுத்ததற்கு ஈடாக என் நெற்றியிலும் ஒரு கோடு இழுத்துவிட்டு, “ஆத்தா பாத்துப்பா நைனா” என்றார். இறங்கிக் கல்லூரி கேட்டுக்குப் போனால் வாட்ச்மேன் எங்களைப் பார்த்துவிட்டு, “கோயிலு பின்னால போச்சு சார், ரெண்டு ஸ்டாப்பு தள்ளி எறங்கிட்டீங்க” என்றார். சர்ச்சுக்குப் போகாத ஞாயிறு இப்படி ஆனதைப் பாஸ்டரிடம் இன்னும் சொல்லவில்லை. தாங்களும் சொல்ல வேண்டாம்.

முதலில் பொருளாதாரம் நடக்கிற அரங்குக்குத்தான் போனோம். உங்கள் வார்த்தையை நான் தட்டவில்லை மச்சான். டை கட்டிய ஒருவர் திரையில் உயரமான கட்டடங்களாகக் காட்டினார். ஒவ்வொரு கட்டடத்திலும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு நாற்காலி காத்துக்கொண்டிருக்கிறது என்றார். எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்நேகாவைப் பார்த்தேன், கொட்டாவியை வாய்க்குள்ளேயே மடித்து விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அடுத்து நாடகம். அங்கே நாற்காலியே இல்லை. பெற்றோர் எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். ரோஜா என்று ஒரு ஆசிரியை. அவர் எதையும் விளக்கவில்லை. “ஒரு அப்பாவும் பொண்ணும் முன்னால வாங்க” என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஸ்நேகா என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.

“சார், இப்ப நீங்கதான் பொண்ணு. அவங்கதான் நீங்க. வீட்டுல இந்தப் படிப்பைப் பத்திப் பேசினீங்க இல்ல, அதையே இங்க பேசுங்க” என்றார் அந்த அம்மா.

மச்சான், என் மகள் நாலு அடி தள்ளிப் போய்த் திரும்பி நடந்து வந்தாள். அவ்வளவுதான், வந்தது நான். ஷிப்ட் முடிந்து வருகிற நடை, ஹெல்மெட்டைக் கழற்றித் துண்டால் கழுத்தைத் துடைக்கிற விதம், உட்காருவதற்கு முன்னால் ஃபேன் ஓடுகிறதா என்று ஒரு பார்வை. ஹெல்மெட்டும் இல்லை, துண்டும் இல்லை, ஆனால் எனக்கு இரண்டும் தெரிந்தன. உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்: “நான் ஒண்ணும் சொல்லலம்மா. உன் இஷ்டம். ஆனா...”

அந்த ‘ஆனா’வுக்கு அரங்கமே சிரித்தது. முன்பின் தெரியாத ஆட்கள், அவர்கள் வீட்டிலும் அதே ‘ஆனா’ இருக்கும்போல. நான் அப்படியா பேசுகிறேன் என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

நான் பெண்பிள்ளையாக நின்றேன். “அப்பா, நான் நாடகம் படிக்கப் போறேன்” என்றேன்.

“எதுக்கு?” என்றாள்.

வீட்டில் நான் ‘எதுக்கு’ என்று கேட்டால் பதிலுக்கு நிற்பதில்லை. கேட்ட கையோடு நானே பேசிக்கொண்டு போவேன். அவள் நின்றாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள். என் மகள் என்ன பதில் சொல்லுவாள் என்று யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை மச்சான். பதினெட்டு வருஷம் வளர்த்த பிள்ளை, ஒரு வரி தெரியவில்லை. கடைசியில் வாயில் வந்ததைச் சொன்னேன்: “தெரியலப்பா. அங்க போனா எனக்கு மூச்சு நல்லா வருது.”

ஸ்நேகா அந்த இல்லாத துண்டால் மறுபடியும் கழுத்தைத் துடைத்தாள். பிறகு என் குரலிலேயே மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு அந்த மாதிரி ஒரு எடம் கெடைக்கல கண்ணு. அதனால எனக்கு இது புரியல. புரியாதது எதப் பாத்தாலும் எனக்குப் பயமா கீது.”

நான் யார், அவள் யார் என்பது எனக்கு மறந்துபோய், “ஆமாம்மா” என்றுவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அது நடிப்பில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

முடிந்ததும் அந்த ஆசிரியையைத் தனியாகப் பிடித்து, “இதப் படிச்சா வேல கெடைக்குமா மேடம்?” என்று கேட்டேன். “உறுதி சொல்ல மாட்டேன் சார். சில பேருக்குக் கிடைச்சிருக்கு, சில பேர் இன்னும் தேடுறாங்க” என்றார். டை கட்டியவர் சொன்னதைவிட இது நெஞ்சில் நின்றது. நின்றதால் பயமும் கூடியது.

திரும்பும் பஸ்ஸில் ஸ்நேகா கேட்டாள்: “நான் ரொம்ப ஓவராப் பண்ணிட்டனாப்பா?”

“நான் ஒண்ணும் சொல்லலம்மா” என்று ஆரம்பித்து அப்படியே நிறுத்திக்கொண்டேன். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து எனக்குப் பேச்சே போய்விட்டது. வாயைத் திறந்தால் அவள் நடித்த நான்தான் வருகிறேன். பெரிய பேஜாராக இருக்கிறது.

ஆனாலும் மச்சான், என் பக்கத்தையும் நீங்கள் பார்க்க வேண்டும். என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். நான் சிப்காட் வந்து கிரேன் ஏறினேன். முயன்று பார்ப்பதெல்லாம், தவறி விழுந்தால் கீழே மெத்தை இருக்கிறவர்கள் செய்கிற காரியம். நம் வீடுகளில் எப்போதும் தரைதான். இதை நான் அவளிடம் சொன்னபோது, “அதுக்குத்தானப்பா பாதி கம்ப்யூட்டர் எடுக்கறேன். அதான் மெத்த” என்றாள். பதில் சரிதான். ஆனால் மெத்தையைக் கட்டிலில் பாதிக்கு மட்டும் போட்டால், தூக்கத்தில் புரளுகிறவள் எந்தப் பக்கம் விழுவாள் என்று பெற்றவனுக்குத் தெரியாதே. பிரின்சி இட்லி மாவை அரைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது என்னவென்றால், திங்கட்கிழமைக்குள் மறுபாதி எது என்று கல்லூரிக்கு உறுதி சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தாங்கள் அவசியம் வந்து, ஸ்நேகாவை உட்கார வைத்து, பொருளாதாரத்தின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டும். இந்தக் குடும்பத்தில் அவள் கட்டுப்படுவது தங்கள் ஒருவர் பேச்சுக்குத்தான். மதியம் வஞ்சிரம் வாங்கி வைக்கிறேன்.

அக்காவுக்கு எங்கள் அன்பு. தங்கள் வீட்டின் மேலும் தங்கள் முழங்காலின் மேலும் கர்த்தருடைய கரம் இருப்பதாக.

தங்கள் அன்புள்ள,
மோகன்ராஜ்

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை காலை. பென்னி வாசலில் வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டு நிற்கிறான், அவசரமாக எழுதுகிறேன். நாஷ்டா சாப்பிடும்போது ஸ்நேகா, “அப்பா, நான் பொருளாதாரமே எடுத்துக்கறேன்” என்றாள். நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். பிட்ட இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். “ஏம்மா?” என்றேன். “உன்ன மாதிரி நின்னு பாத்தன்ல, உள்ள பூரா பயந்தாம்ப்பா. இவ்ளோ பயத்த வச்சிகினு நீ இருக்கக் கூடாது” என்றாள். “பயப்படறது என் வேல, அத நான் பாத்துக்கறேன். நீ நாடகம் எடு” என்று கெஞ்சிப் பார்த்தேன். பிரின்சியும் இட்லிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கெஞ்சினாள். அசைய மாட்டேன் என்கிறாள். மச்சான், மேலே அவள் தங்கள் பேச்சுக்குத்தான் கட்டுப்படுவாள் என்று எழுதியது மரியாதைக்கு எழுதியது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிளஸ் ஒன்னில் தாங்கள் பயாலஜி எடுக்கச் சொன்னதால்தான் அவள் கம்ப்யூட்டர் எடுத்தாள், முடியை வெட்டாதே என்று சொன்ன அன்று மாலையே வெட்டிக்கொண்டு வந்தாள். அதனால் கடிதத்தில் உள்ளபடியே ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து, பொருளாதாரத்தைப் பற்றி வாய் நிறையப் புகழ்ந்து பேசுங்கள். பேங்க் பரீட்சையை விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம் பேசினால் போதும், அவள் நாடகத்துக்கே போய்விடுவாள்.