அர்ஜுன் தீர்த்துவைத்த புகார்

பெற்ற தகப்பனை ‘சார்’ போட்டுக் கூப்பிட்டு, மரியாதையாக ஏமாற்றியவன் நான். அதுவும் நாலே நிமிடத்தில். (அதற்கு மேல் ஒரு அழைப்பு இழுத்தால் எங்கள் கம்பெனியில் திட்டு விழும்.)

அருப்புக்கோட்டையில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருந்தது எங்கள் கால் சென்டர். எங்கோ இருக்கும் போன் கம்பெனிக்காரர்கள் வாங்கவேண்டிய வசவை, சம்பளத்துக்கு நாங்கள் வாங்குவோம். கருப்பசாமி என்ற பேர் எடுப்பாக இல்லையாம். ‘அர்ஜுன்’ என்று அட்டை அடித்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். ஊர்ப்பேச்சு கூடாது, புத்தகத் தமிழ்தான். சொந்தக் கதை பேசினால் அன்றைக்கே வீட்டுக்கு. மூன்று மாதத்தில் வேலை நிரந்தரம்; ஆனால் தீராத புகார் மூன்று நம் பேரில் நின்றால் அதுவும் கிடையாது. கடைசி வாரத்தில் எனக்கு ஏற்கெனவே இரண்டு நின்றன.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒரு அழைப்பு.

“வணக்கம், அர்ஜுன் பேசுகிறேன். உங்களுக்கு என்ன உதவி வேண்டும்?”

“சார், எங்க ஊர்ல நாலு நாளா டவர் எடுக்கல. பஸ்ஸு ஏறி நரிக்குடிக்கு வந்து பேசுறேன்.”

அப்பாவின் குரல்! என் புத்தகத் தமிழில் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பின்னால் மேற்பார்வை மேடம் இன்னொரு ஹெட்போனில் என் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“உங்கள் சிரமத்திற்கு வருந்துகிறோம் சார்.”

“எம் மகளப் பொண்ணு பாக்க ரெட்டியபட்டியில இருந்து வெள்ளிக்கெழம வாராக. கெளம்பும்போது போன் பண்ணுவாக. அதான் சார்... எம் மகனும் அருப்புக்கோட்டையில இந்த மாதிரிப் பெரிய வேலைதான். அவனத் தொந்தரவு பண்ண வேணாம்னுட்டு ஒங்களுக்கு அடிச்சேன்.”

டவர் சரியாக ஒரு வாரம் ஆகும் என்று என் திரையில் இருந்தது. அதைச் சொன்னால் புகார் நிற்கும், எனக்கு மூன்றாவது. வாடிக்கையாளர் சம்மதித்தால் மூடிவிடலாம். அந்தச் சம்மதத்தை எப்படி வாங்குவதென்று என்னைவிட யாருக்குத் தெரியும்? காலமெல்லாம் கூலிக்குப் போனவர். அச்சடித்த மாதிரித் தமிழில் யார் எதைக் கேட்டாலும் ‘சரிங்க’ என்பார்.

“நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது சார். புகாரை முடித்துக்கொள்ளலாமா?”

“சரிங்க சார்.”

“எங்கள் சேவையில் திருப்தியா சார்?”

“ரொம்பத் திருப்தி. நல்லா இருங்க.”

மேடம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

வியாழக்கிழமை ஊருக்குப் போய், வேறு கம்பெனி சிம் போட்ட என் போனிலிருந்தே மாப்பிள்ளை வீட்டுக்குப் பேசிவிடலாம் என்று எனக்குள் ஒரு திட்டம். ஆனால் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை ஒரு கருமாதி வந்துவிட்டதால், போன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் புதன்கிழமையே காரில் வந்து இறங்கிவிட்டார்கள். அப்பா ஆடு மேய்க்கப் போயிருந்தார். அக்கா நூறு நாள் வேலையில் கண்மாயில் மண் சுமந்துகொண்டிருந்தாள். வாசலில் கட்டியிருந்த வெள்ளாடு மட்டும்தான் வரவேற்றது. வரவேற்றதோடு நிற்காமல், அவர்கள் கொண்டுவந்த மல்லிகைப்பூவையும் தின்றது.

முழங்கால் வரை சேறோடு அக்கா ஓடிவந்தபோது மாப்பிள்ளையின் அம்மா காரில் ஏறிக்கொண்டிருந்தார்.

“போனையும் அமத்திப் போட்டு வீட்டையும் பூட்டிட்டுப் போனா, பொண்ணு குடுக்க மனசில்லன்னுதானம்மா அர்த்தம்?”

அக்காவுக்கு அந்த மாப்பிள்ளையின் போட்டோ பிடித்திருந்தது. அதை அவள் எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. நெடுநாள் கழித்து, அந்தப் போட்டோவை அவள் துணிகளுக்கு அடியில் நான்தான் பார்த்தேன்.

அடுத்த வாரம் எனக்கு வேலை நிரந்தரமானது. இனிப்போடு, கழுத்தில் அட்டையோடு ஊருக்குப் போனேன். (பந்தா!) அன்றைக்குத்தான் டவரும் வந்தது. அப்பாவின் போன் கீச்சென்றது. அக்கா வாசித்தாள்: “உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. உங்களுக்கு உதவியவர்: அர்ஜுன்.”

வாசித்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தாள்.

“ஏலே, அப்பாகிட்டப் பேசுனது நீயா?”

அப்பா போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டார். பிறகு சொன்னார்: “அந்தத் தம்பி என்னமா மரியாதையாப் பேசுச்சு. நீ ஒரு நாளாச்சும் எங்கிட்ட அப்படிப் பேசியிருக்கியா?”

என் நிரந்தரம் ஆறு மாதம் நீடித்தது. பிறகு போன் கம்பெனி வசவு வாங்குவதற்கு இயந்திரக் குரலை வைத்துக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டது. அக்காவுக்கு மூன்று வருடம் கழித்து வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது.

அப்பா இப்போதும் ஊரார் எதைக் கேட்டாலும் ‘சரிங்க’தான். நான் ஏதாவது கேட்டால் மட்டும், “இதக் கேக்குறது யாருப்பா, கருப்பசாமியா, அர்ஜுனா?” என்பார். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரிப்பு அடங்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், பதிலுக்காக.